என்ஜினீயரின் நாற்காலி இறங்கிய இடம்

படகுக்குளத்துக் கரையைத் தினமும் நடந்து பார்க்க வேண்டிய உத்தியோகம் சவரியப்பனுக்கு. நடந்து பார்த்தது அவர் மனைவி இன்னாசியம்மாள்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. குளத்தூர்ப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூட இது தெரியும். சவரியப்பனுக்குக் குதிகாலில் ஆணி. அதோடு, மேலதிகாரி யாரைக் கண்டாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மடைத்திட்டில் உட்கார்ந்திருப்பார். லஸ்கர், அதாவது கரைக் காவல்காரர், என்று அவரைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இன்னாசியம்மாள் காலையில் கரையின் மேலே ஒரு தரம், அடிவாரத்தில் ஒரு தரம் கோடிக்குக் கோடி நடந்துவிட்டு வந்து, "எலிவங்கு ரெண்டு, நண்டுவளை ஒண்ணு. மிதிச்சு அடைச்சுட்டேன்" என்பாள். அவர் தலையை ஆட்டுவார். அன்றைக்கான அரசாங்க வேலை முடிந்தது.

அந்தக் குளத்தை நம்பி ஒரு குழி நிலம்கூட இல்லை. சமஸ்தான நாளில் யாரோ ஒரு பெரிய அதிகாரி, விருந்துக்கு வருகிற துரைமார் படகு விட்டு விளையாடட்டும் என்று ஓடையை மறித்து மண்கரை போட்டார். எண்ணூறு அடி நீளம், இரண்டு ஆள் உயரம். கரைமேல் ஒரு சின்ன மண்டபம். அழகுக்கும் நிழலுக்குமாகக் கரை நெடுகத் தூங்குமூஞ்சி மரங்கள். 1948-இல் சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது, இந்தக் குளத்தை யார் தலையில் கட்டுவது என்று நாலு வருஷம் காகிதம் சுற்றியது. பாசனம் இல்லை, எனவே எங்களுடையதில்லை என்றது ஓர் இலாகா. குடிதண்ணீர் இல்லை, எனவே எங்களுடையதும் இல்லை என்றது இன்னொன்று. கடைசியில், குளத்தை உள்ளூர் மனமகிழ் மன்றம் அனுபவித்துக்கொள்வது, கரை பத்திரமாக இருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை என்ஜினீயர் ஒருவர் வந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

வருஷம் ஒருமுறை வரத்தான் செய்தார்கள். தை மாதம், பொங்கல் கழிந்து. மழைக்கு முன்னால் வந்தால் குளம் வறண்டு கிடக்கும், கரையின் உள்பக்கம் அடிவரை தெரியும், பார்ப்பதற்கு அதுதான் சரியான நேரம். ஆனால் படகு விட முடியாதே. ஆகவே தண்ணீர் தளும்பும்போது வந்து, மண்டபத்தில் இளநீர் குடித்து, படகில் இரண்டு சுற்றுச் சுற்றி, கோழிக்குழம்பு சாப்பிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். குழம்பு வைத்த இன்னாசியம்மாளுக்கு அது கரையைப் பற்றியா, குழம்பைப் பற்றியா என்பதில் வெகுநாள் சந்தேகம் இருந்தது.

கரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இருபத்தாறு வீடுகள். அதில் ஒன்று அவளுடையது. புறச்சரிவின் அடியில் ஓரிடத்தில் வருஷக்கணக்காகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். செம்மண் காட்டில் சித்திரையிலும் ஒரு குடம் நிறைகிறது என்றால் யார் குறை சொல்வார்கள்? இருபத்தாறு வீட்டுப் பெண்களும் அங்கேதான் மொண்டார்கள். 1957 கார்த்திகையில் பெருமழை பெய்து குளம் நிரம்பியது. அதற்கு மறுவாரம், பக்கத்து வீட்டுச் செவந்தி குடத்தோடு வந்து கத்தினாள்.

"எந்த மவராசி எருமைய எறக்கி விட்டது? தண்ணி பூராக் கலங்கிக் கெடக்கு!"

எருமை எதுவும் இறங்கவில்லை. இன்னாசியம்மாள் ஒரு கை அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பொடி மாவு மாதிரி சிவப்பு மண் சுழன்றது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஏரி வேலைக்கு மண்கூடை சுமந்தவள். பதினாலு வயதில் ஒரு கரை போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். பல வருஷம் தெளிவாகக் கசிந்த தண்ணீர், இரண்டு வாரம் தேத்தண்ணி நிறத்தில் வந்தது, மூன்றாவது வாரம் கரையே வந்தது. தெளிந்த கசிவு கரையின் வேர்வை. கலங்கிய கசிவு என்றால் உள்ளே மண் கரைந்து வழி உண்டாகிக்கொண்டிருக்கிறது. இதை அவள் யாரிடமும் பாடம் கேட்கவில்லை. அன்றைக்கு ஓடின ஓட்டம்தான் பாடம்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற கண்ணாடிக் குப்பிகள் அவள் வீட்டில் நிறைய இருந்தன. வேளைக்கு இவ்வளவு என்று பக்கத்தில் காகிதத்தை வெட்டி அளவு ஒட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு குப்பியில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். அடுத்த ஞாயிறு அடுத்த குப்பி. முதல் குப்பியின் அடியில் மண் ஒரு நூல் தடிமன். மார்கழி பாதியில் ஒரு வேளை மருந்தளவு. பொங்கலுக்கு மூன்று வேளை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மடையைத் திறந்து தண்ணீரைக் குறைக்க வேண்டும். மடைக்குப் பூட்டு உண்டு. சாவி மனமகிழ் மன்றத்துச் செயலாளர் ஆத்மநாதன் இடுப்பில் தொங்கியது. ஆவுடையார்கோவில்காரர், ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் வீட்டுக்குத் திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வருகிற மனிதர்.

மனுவோடு போய் நின்றாள்.

"கரை கலங்கலாக் கசியுதுங்கய்யா. மடையத் தொறந்து பாதித் தண்ணிய விட்டுருவோங்க."

"விட்டா?"

"கரை தப்பிச்சுக்கிரும்."

"மீனு?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சீமையில் ஒரு குளம் வற்றுகிறது என்றால் சுற்றுவட்டாரமே ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். அள்ளினவருக்கு அள்ளினது சொந்தம். படகுக்குளத்து மீன் மட்டும் மன்றத்துக்குச் சொந்தம். கீழே இருக்கிற இருபத்தாறு வீடும் துள்ளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"வரால் இப்ப எம்புட்டுப் பெருசு இருக்கும்?" என்று ஆத்மநாதன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்னாசியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. "தொடைத் தண்டி இருக்குங்கய்யா" என்றாள், இரண்டு கையையும் விரித்துக் காட்டி.

மனு அங்கேயே செத்தது. 'மீன் பிடிக்க அனுமதி கோருவது. நிராகரிக்கப்படுகிறது' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்துக் கொடுத்த மூன்று மனுவுக்கும் அதே முத்துதான்.

மிச்சம் இருந்த வழி, தை மாதத்து என்ஜினீயர். ஆனால் கரைக்குக் கீழே எந்த என்ஜினீயரும் இறங்கியதில்லை. சொன்னால் ஆத்மநாதன் பக்கத்திலேயே நின்று "மீனுக்காகப் பேசுறாங்க சார்" என்பார். சவரியப்பன் சொல்லலாம், அவர் நாக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்குமே.

"சொல்ல வேணாம். அவரா உணரட்டும்" என்றாள் இன்னாசியம்மாள்.

"எப்புடி?"

"புதுசா வந்துருக்க என்ஜினீயரப் பாத்தீங்கள்ல? ஆளு எம்புட்டுக் கனம்?"

சவரியப்பன் யோசித்தார். "குழந்தைசாமின்னு பேரு. பேருதான் கொழந்த. நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுனாக் காணும்."

மறுநாள் மத்தியானம் துரைமார் காலத்துத் தேக்கு நாற்காலியை மண்டபத்திலிருந்து கீழே இறக்கிக் கசிவுக்குப் பக்கத்தில் போட்டார்கள். நாலு காலும் நுனியில் விரல் மாதிரிக் குறுகிய சீமை நாற்காலி. மேலே புல் பச்சையாக இருந்தது. அடியில் எல்லாம் ஊறிப்போன களி. சவரியப்பனை உட்காரச் சொன்னாள். இரண்டு விரல்கடை இறங்கி நின்றுவிட்டது.

"பத்தாது. செவந்தி, அந்த அம்மிக்கல்லத் தூக்கிட்டு வா."

"மடியிலயா வைக்கப் போற? நான் பிழைக்க வேணாமா?" என்றார் சவரியப்பன்.

வைத்தார்கள். அதற்கும் மேலே, கணக்குச் சரியாக வர வேண்டும் என்று, கைப்பிடியில் இன்னாசியம்மாளும் ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா, கல்யாணத்துலகூட இப்புடி ரெண்டு பேரும் சேந்து ஒக்காந்துருக்க மாட்டீங்க!"

ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு ரசம் சாப்பிடுகிற நேரத்தில் முழங்கால் மட்டம் இறங்கும் என்று தெரிந்தது. இன்னாசியம்மாளுக்குத் திருப்தி. சவரியப்பனை வெளியே இழுக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஆய்வு நாளன்று விடியலில் மண்டபத்துத் தரையில் வெல்லத்தைக் கரைத்துத் தெளித்தாள். ஒன்பது மணிக்குள் கட்டெறும்பு படைபடையாக வந்து சேர்ந்தது. பத்து மணிக்கு ஜீப்பில் குழந்தைசாமி வந்து இறங்கினார். சிரித்த முகம். ஜீப் அந்தப் பக்கம் நிமிர்ந்துகொண்டது.

"இங்கிட்டு எறும்பா இருக்குங்க சார். கீழ நல்ல நெழலு. மொதல்ல சாப்பாடு, அப்பறம் படகு. கோழி சூடா இருக்கு" என்றாள் இன்னாசியம்மாள்.

மொத்த வாக்கியத்தில் என்ஜினீயரின் காதில் விழுந்தது கோழி ஒன்றுதான். "அதுக்கென்ன, கீழேயே உட்காருவோம்" என்றார்.

கீழே மேசை தயாராக இருந்தது, வெள்ளைத் துணி தரைவரை தொங்க. துணிக்கு அடியில் மேசையின் நாலு காலுக்கும் பனம்பலகை கொடுத்திருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பலகை இல்லை. ஆத்மநாதன் உட்கார எதிரே ஒரு பாறை, அதன்மேல் பாய்.

முதல் கவளத்தின்போது தட்டு என்ஜினீயரின் வயிற்றுக்கு நேரே இருந்தது. இரண்டாவது கோழித்துண்டில் மார்புக்கு வந்தது. அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. எதிரே இருந்த ஆத்மநாதனுக்கு எல்லாம் தெரிந்தது. என்ஜினீயர் அங்குலம் அங்குலமாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு மேலதிகாரியைப் பார்த்து, சார், நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எந்த ஹெட்கிளார்க் சொல்ல முடியும்? முப்பது வருஷ சர்வீஸில் அதற்கு ஒரு வாசகமும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

"இன்னும் ஒரு அகப்பை ஊத்தவா சார்?" என்றாள் இன்னாசியம்மாள்.

"ஊத்துங்கம்மா. ரொம்பப் பிரமாதம். என்ன, இந்த மேசைதான் கொஞ்சம் உசரமாப் போட்டுட்டீங்க."

"துரைமாரு மேசைங்க. அவுங்க உசரம் சாஸ்தி."

ரசம் வரும்போது தட்டு தாடைக்கு நேராக இருந்தது. என்ஜினீயர் கையை மேலே தூக்கித் தூக்கிச் சாப்பிட்டார். மோருக்காக ஒரு பக்கம் சாய்ந்தார். பின்கால் இரண்டும் சளக்கென்று உள்ளே போக, நாற்காலி மல்லாந்தது. அவர் இடது கையை ஊன்றினார். கை மணிக்கட்டுவரை புதைந்தது.

ஆத்மநாதன் எழுந்து, "டேய் சவரி! அறிவிருக்கா?" என்று ஆரம்பித்தார்.

குழந்தைசாமி கத்தவில்லை. சேற்றிலிருந்து கையை உருவி, விரல்களுக்கு நடுவில் அந்தச் சேற்றைத் தேய்த்துப் பார்த்தார். சிரித்த முகம் மெல்ல மாறியது. சாப்பிட வந்த மனிதர் போய், என்ஜினீயர் வந்து உட்கார்ந்தார்.

"மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு?"

"இருவத்தஞ்சு நாளுங்க."

"அப்ப இங்கே சேறு எப்படி?"

"அதத்தான் சார் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் இன்னாசியம்மாள்.

ஆத்மநாதன் குறுக்கே வந்தார். "சார், இவங்களுக்கு மீன் வேணும். மடையைத் திறக்கச் சொல்றதுக்காக என்னமாவது..."

அவள் வீட்டுக்குப் போய் ஒரு தாம்பாளத்தில் ஏழு குப்பிகளை வரிசையாக அடுக்கி எடுத்து வந்தாள், சீர்த்தட்டு மாதிரி. "இது கார்த்திகை நாலாவது ஞாயித்துக்கெழம, சார். நூலளவு. இது மார்கழி பாதி, ஒரு வேளை மருந்தளவு. இது போன ஞாயிறு. மூணு வேளை. மீனு இம்புட்டு மண்ணு பேளாதுங்க."

குழந்தைசாமி கடைசிக் குப்பியை ஆட்டி வெயிலில் பிடித்தார். பிறகு வீடுகளைப் பார்த்தார். எண்ணினார் போலிருக்கிறது; உதடு அசைந்தது. நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார். அவரைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

"சாவி" என்றார்.

"சார், படகு..."

"சாவி!"

ஆத்மநாதன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

மடை மூன்று நாள் ஓடியது. அந்த மூன்று நாளும் குளத்தூர்ச் சந்தை குளத்துக்குள் இடம் மாறியது போல் இருந்தது. குளத்தூரிலிருந்து வந்தார்கள், கீரனூரிலிருந்து வந்தார்கள், பெயர் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் ஊத்தாவோடு வந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன், நான் அப்பவே சொன்னேன்" என்று கரைமேல் குடையோடு நடந்துகொண்டே இருந்தார் ஆத்மநாதன். தொடைத் தண்டி வராலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு செவந்தி அவருக்கு நேரே நின்று, "கும்புடுறேங்கய்யா" என்றாள்.

நாலாம் நாள் என்ஜினீயர் மறுபடி வந்தார். தண்ணீர் இறங்கிய இடத்தில், கரையின் உள்பக்கம், வெட்டிப்போட்ட ஒரு தூங்குமூஞ்சியின் கட்டைக்குக் கீழே தேங்காயளவு ஓட்டை வாயைத் திறந்துகொண்டிருந்தது. மண்டபத்திலிருந்து குளம் சரியாகத் தெரியவில்லை என்று பத்து வருஷத்துக்கு முன்னால் வெட்டிய மரம். வெட்டினவர்கள் மேலேதான் வெட்டினார்கள். உள்ளே இருந்த பெருவேர் உளுத்து, கரைக்குள் ஒரு குழாய் போட்டு வைத்திருந்தது.

"நீளமா ஏதாவது குடுங்க" என்றார் குழந்தைசாமி.

கையில் கிடைத்தது படகுத்துடுப்பு. எட்டடி. ஆத்மநாதனே நீட்டினார். என்ஜினீயர் அதை உள்ளே விட்டார். போயிற்று. இன்னும் போயிற்று. கைப்பிடி மட்டும் வெளியே நின்றது.

ஆத்மநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மடிப்புக் கலையாத வேட்டியோடு, ஈரச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா," என்று குரல் இறங்கிக் கேட்டார், "இதத் தெளிவா எழுதிக் குடுத்துருக்கக் கூடாதா?"

"நாலு தடவ குடுத்தேங்கய்யா. நீங்கதான் அழகாப் பதில் எழுதுனீங்க."

பங்குனி, சித்திரை முழுக்க வேலை நடந்தது. வேர் போன இடத்தைப் பிளந்து தோண்டி எடுத்துவிட்டு, களிமண்ணைக் கொட்டி அடுக்கடுக்காக இடித்தார்கள். மண்கூடை சுமந்ததில் இன்னாசியம்மாளும் ஒருத்தி. கசிவை யாரும் அடைக்கவில்லை; அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும் என்று குழந்தைசாமி சொன்னார். அதன்மேல் மணல், மணல்மேல் சரளை, சரளைமேல் கல் என்று பரப்பினார்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. கரைமேலிருந்த மற்ற மரங்களையும் வேரோடு எடுத்தாயிற்று. ஆய்வு இனிமேல் புரட்டாசியில், குளம் வற்றியிருக்கும்போது, அடிவாரத்திலிருந்து ஆரம்பம் என்று உத்தரவானது. 'கோழிக்குழம்பு கரையைப் பார்த்த பிறகு' என்று அவர் உத்தரவின் அடியில் பென்சிலால் எழுதியதாக ஒரு பேச்சு உண்டு.

பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சவரியப்பனைக் கூப்பிட்டார்கள். ஒட்டிக்கிடந்த நாக்கு எப்படியோ அன்றைக்குக் கழன்றது. "நான் பாக்கலீங்க சார். இவதான் பாத்தா. பத்து வருசமா இவதான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

என்ஜினீயர் பேனாவை இன்னாசியம்மாள் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒண்ணு ஆனா யாரக் கேப்பீங்க?" என்றாள் அவள்.

"போட்டவங்களைத்தான்."

"அப்ப அவரு பேரே இருக்கட்டும் சார். நடக்குறதுக்கு நான் இருக்கேன். ஏச்சு வாங்க ஒரு ஆளு வேணும்ல?"

குழந்தைசாமி வாய்விட்டுச் சிரித்துவிட்டு இரண்டு பெயரையும் எழுதினார்.

அந்த வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் இடைவிடாமல் கொட்டியது. குளம், உபரித் தண்ணீர் வழிகிற கலிங்குமட்டத்துக்கு ஏறிவிட்டது. மூன்றாம் நாள் காலையில், மழைக்கு நடுவே, கரைமேல் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ஆத்மநாதன். திருச்சியிலிருந்து 'கரை எப்படி?' என்று தந்தி வந்திருந்தது. பதிலை மண்டபத்திலிருந்தே எழுதியிருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு இடத்தில் வழுக்கி, அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். பரப்பிய கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கல் இடுக்கில் தண்ணீர் தெளிவாக வடிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணைக்கூட இமைக்காமல் அதையே பார்த்தார். அரை மணி ஆயிற்று. வீடுகளில் அடுப்பு மூட்ட, ஈரப் புகை தாழப் பறந்தது.

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் நின்ற இன்னாசியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, அது நீங்க பாத்தாலும் வடியும், பாக்காட்டியும் வடியும். எந்திரிங்க. அங்கிட்டு இன்னும் ஐந்நூறு அடி கரை கெடக்கு."